சிக்னல்காரருக்கு எந்தச் சங்கம்?

கேட்கப்பட்ட கேள்வி இது: "காரைக்குடிப் பக்கம் ரயில்வேயில் சிக்னல் டெக்னீஷியனாகச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. அமெரிக்காவில் சிக்னல் வேலை பார்ப்பவர்களுக்கென்றே நூறு வருஷத்துக்கு மேலாக ஒரு தனிச் சங்கம் இருக்கிறது என்று படித்தேன். நம்மிடம் ஏன் அப்படி இல்லை? இங்கே ஆளாளுக்கு வந்து சந்தா ரசீதை நீட்டுகிறார்கள். எதில் சேர்வது? சேரத்தான் வேண்டுமா?"

தம்பி, கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சேருங்கள். நம் வேலையில் சங்கம் எதற்குத் தேவைப்படுகிறது என்பது போனஸ், பஞ்சப்படி பேசும்போது தெரியாது. ராத்திரி ஒன்றரை மணிக்கு மழையில் நனைந்துகொண்டு, "மெமோவெல்லாம் அப்புறம், முதலில் கவரைத் திற" என்று போனில் ஒரு குரல் கேட்கும் பாருங்கள், அப்போதுதான் தெரியும். எனக்குத் தெரிந்த கதையைச் சொல்லிவிட்டு மற்றதுக்கு வருகிறேன்.

நான் மீட்டர்கேஜ் காலத்தில் கலாசியாகச் சேர்ந்தவன். திருச்சி, புதுக்கோட்டை, காரைக்குடி, மானாமதுரை பாதையில் கைகாட்டி மரத்துக்கு எண்ணெய் போட்டு, கம்பி இழுத்து, லீவர் பிரேமுக்குக் கிரீஸ் தடவித்தான் தொழில் கற்றேன். அகலப்பாதை வந்ததும் பாயின்ட் மெஷின், ஆக்சில் கவுன்டர், ரிலே ரூம் என்று எல்லாம் மாறியது. ஓய்வு பெறும்போது டெக்னீஷியன் கிரேடு ஒன்று. இடையில் சில வருஷம் சங்கத்தின் கிளைப் பொறுப்பிலும் இருந்தேன். அதனால் இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறேன்.

அது ஓர் ஐப்பசி மழை. காலை எட்டு மணிக்குத் தொடங்கிய டூட்டியை முடித்து வீட்டுக்கு வந்து படுத்தவனுக்கு நள்ளிரவு தாண்டி கண்ட்ரோலிலிருந்து போன். ஒரு ஸ்டேஷனில், பெயர் வேண்டாம், பாயின்ட் ஃபெயிலியர். வண்டியை ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிடும் இடம்தான் பாயின்ட். மோட்டார் சுற்றுகிறது, ஆனால் பாயின்ட் சரியாகத் திரும்பிப் பூட்டிக்கொண்டது என்று காட்டும் இண்டிகேஷன் மாஸ்டரின் பேனலில் வரவில்லை. ஹெல்பரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பைக்கில் போனேன். ஸ்டேஷன் மாஸ்டர் வாசலிலேயே நின்றார். போட் மெயில் முந்தைய ஸ்டேஷனில் வந்து நிற்கிறது. போனில் ஓர் அதிகாரி: வண்டி லேட்டாகிறது, கவரைத் திறந்து பார்த்துச் சரி செய், பேப்பர் வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

நான் டிஸ்கனெக்‌ஷன் மெமோ எழுதினேன், பாயின்டைப் பயன்பாட்டிலிருந்து எடுத்து வேலை பார்க்கப் போகிறேன் என்று மாஸ்டருக்குக் கொடுக்கும் சீட்டு அது. மாஸ்டர் நல்ல மனிதர், ஆனாலும் ஒரு நிமிஷம் தயங்கினார். லேட் அவர் கணக்கிலும் ஏறும் அல்லவா? பிறகு நேரம் போட்டுக் கையெழுத்திட்டார். அதற்கப்புறம்தான் பாயின்ட் பக்கம் போனேன். கவரைத் திறந்தால் ரப்பர் கேஸ்கெட் ஒரு மூலையில் விட்டுப்போய் உள்ளே தண்ணீர் கசிந்திருந்தது. கான்டாக்ட் மேல் முத்து முத்தாக ஈரம். அடியில் நம் செம்மண்ணை உருட்டிக் கொண்டுவந்து எறும்பு கூடு கட்டியிருந்தது. துடைத்து, உலர்த்தி, நார்மலுக்கும் ரிவர்ஸுக்கும் பலமுறை ஓட்டிப் பார்த்து, நாக்குத் தண்டவாளத்துக்கும் பக்கத் தண்டவாளத்துக்கும் நடுவே 5 மில்லிமீட்டர் கட்டையை வைத்து, அந்த இடைவெளியோடு மெஷின் பூட்டிக்கொள்ளவில்லை என்று உறுதி செய்து, ரீகனெக்‌ஷன் மெமோ கொடுத்தேன். மொத்தம் 38 நிமிஷம். போட் மெயில் எங்களைத் தாண்டிப் போனபோது ஹெல்பரின் பல் குளிரில் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

பத்து நாள் கழித்து எனக்கு எஸ்.எஃப். 11 வந்தது. தேவையில்லாமல் வண்டியைத் தாமதப்படுத்தியதாகச் சிறு தண்டனைக்கான குற்றச்சாட்டு.

அன்று என்னோடு உட்கார்ந்து பதில் எழுதியவர் எங்கள் கிளைச் செயலாளர். அவர் சிக்னல்காரர்கூட இல்லை, மெக்கானிக்கல் பிரிவு. ஆனால் மேனுவலைப் புரட்டி, எந்த வேலைக்கு முன்னால் யாரிடம் மெமோ கொடுத்தாக வேண்டும் என்ற விதியை வரி வரியாக எடுத்து எழுதவைத்தார். டிவிஷன் அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பேசியதும் அவர்தான். வழக்கு அதோடு முடிந்தது. அவர் இல்லாதிருந்தால் ஓர் இன்க்ரிமென்ட் போயிருக்கும். அதைவிட முக்கியம், அடுத்த மழையில் நான் மெமோ கேட்காமலே கவரைத் திறந்திருப்பேன். பயந்தவன் அப்படித்தான் செய்வான்.

அந்த மெமோவில் என்ன இருக்கிறது என்று வேலைக்குப் புதிதான உங்களுக்கு இன்னும் முழுசாக உறைத்திருக்காது. மாஸ்டர் கையெழுத்துப் போட்ட நொடியிலிருந்து அந்த பாயின்ட் அவர் கணக்கில் இல்லாதது. அதை நம்பி எந்த சிக்னலும் பச்சை ஆகாது. வண்டியை விட்டே ஆக வேண்டுமென்றால் கிராங்க் சாவியை எடுத்து, கையால் பாயின்டைச் சுற்றி, கிளாம்ப் போட்டுப் பூட்டி, 15 கிலோமீட்டர் வேகத்தில் பைலட் செய்து, அதாவது ஆள் வழிகாட்டி, கொண்டுவர வேண்டும். மெமோ இல்லாமல் உள்ளே கை வைத்தால், நீங்கள் ஒரு வயரைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதே மாஸ்டர் பேனலில் பட்டனை அழுத்தலாம். சிக்னல் சர்க்யூட்டெல்லாம் இருக்கும் ரிலே ரூமுக்கு இரட்டைப் பூட்டு போட்டு, ஒரு சாவி மாஸ்டரிடமும் மற்றது நம்மிடமும் இருப்பதற்கும் இதே காரணம்தான். ஒருவர் அறியாமல் மற்றவர் உள்ளே போகக் கூடாது.

2023 ஜூன் 2-ஆம் தேதி மாலை ஒடிசாவில் பாலசோர் அருகே பஹனாகா பஜாரில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனுக்கான பச்சை கிடைத்தது, ஆனால் பாயின்ட் பக்கத்து லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே சரக்கு வண்டி நின்றது. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். 94-ஆம் எண் கேட்டில் மின்சாரத் தடுப்புக் கம்பத்தை மாற்றும் வேலைக்காக அன்று செய்த இணைப்பிலும், 2018-இல் அங்கே செய்த சர்க்யூட் மாற்றத்திலும் இருந்த குறைகளே காரணம் என்று பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சொன்னது. அதே அறிக்கையில் இன்னொரு விஷயமும் உண்டு. 2022 மே 16-ஆம் தேதி பாங்க்ரா நயாபாஜ் ஸ்டேஷனில் இதே மாதிரி தவறான வயரிங்கால் ஒரு சம்பவம் நடந்திருந்தது. அப்போதே விழித்துக்கொண்டிருந்தால் பஹனாகா நடந்திருக்காது என்று அறிக்கை குறிப்பிட்டது. ஜூலையில் சிக்னல் துறையைச் சேர்ந்த மூன்று பேரை சி.பி.ஐ. கைது செய்தது.

அவர்கள் குற்றவாளிகளா இல்லையா என்பது நீதிமன்றம் சொல்ல வேண்டியது, அதற்குள் நான் போகவில்லை. தூங்காமல் அந்த அறிக்கையைப் பற்றிப் படித்தபோது என் மனசில் ஓடியது இதுதான்: கடைசியில் கையெழுத்து நம்முடையது. அவசரப்படுத்திய குரலுக்குக் கையெழுத்து கிடையாது. அப்படியிருக்க, அவசரப்பட மறுப்பவனுக்குப் பின்னால் நிற்க ஓர் ஆள் வேண்டாமா?

சரி, அமெரிக்க விஷயத்துக்கு வருவோம். நீங்கள் படித்தது சரி. சிக்னல்மேன்களின் பிரதர்ஹூட் என்ற சங்கம் 1901-இல் பென்சில்வேனியா மாநிலத்தின் ஆல்டூனா என்ற ரயில்வே ஊரில் தொடங்கியது. நம் பொன்மலை மாதிரி பெரிய பணிமனை உள்ள ஊர் அது. இன்றும் அந்தச் சங்கம் இருக்கிறது, அங்குள்ள ரயில் கம்பெனிகளோடு சிக்னல்காரர்களுக்காகத் தனியாக ஒப்பந்தம் பேசுகிறது. அது அங்கே சாத்தியமானதற்குச் சட்டமே காரணம். 1926-இல் வந்த அவர்களுடைய ரயில்வே தொழிலாளர் சட்டம் தொழில்வாரியாகத்தான் பிரதிநிதித்துவத்தைப் பார்க்கிறது. ஓட்டுநர் ஒரு பிரிவு, சிக்னல்காரர் ஒரு பிரிவு, தண்டவாளக்காரர் ஒரு பிரிவு. ஒவ்வொரு பிரிவும் தனக்கான சங்கத்தைத் தேர்ந்தெடுக்கும்.

அதனால் எல்லாம் கிடைத்துவிட்டதா என்றால், இல்லை. 2022-இல் சம்பள ஒப்பந்தம் வந்தது, ஐந்து வருஷத்துக்கு 24 சதவீத உயர்வு. பணம் பரவாயில்லை, ஆனால் சம்பளத்தோடு நோய் விடுப்பு இல்லை. சிக்னல்காரர்கள் வாக்கெடுப்பில் 60 சதவீதத்துக்கு மேல் நிராகரித்தார்கள். மொத்தம் 12 சங்கங்களில் நாலு நிராகரித்தன. வேலைநிறுத்தம் வரப்போகிறது என்றதும் அவர்கள் நாடாளுமன்றமே அந்த ஒப்பந்தத்தைச் சட்டமாக்கித் திணித்தது, டிசம்பர் 2-ஆம் தேதி அதிபர் கையெழுத்திட்டார். ஏழு நாள் நோய் விடுப்புக்கான மசோதா செனட்டில் தோற்றது. காய்ச்சலோடு தண்டவாள ஓரத்து லொகேஷன் பாக்ஸைத் திறக்கும் வேதனை அங்கேயும் நம்முடையதேதான். ஆனால் ஒன்றில் அவர்கள் நம்மைவிட முன்னால் இருக்கிறார்கள். சிக்னல்காரர் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, அப்புறம் 10 மணி நேரம் ஓய்வு கொடுத்தாக வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. எண்ணிக்கை குறைந்த ஒரு தொழில் பிரிவுக்கு இது பெரிய காரியம்.

நம் வழி வேறு மாதிரி வந்தது. இந்தப் பக்கத்து ரயில்வே போராட்டங்கள் எல்லாப் பிரிவும் சேர்ந்து நடத்தியவை. 1928-இல் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்துக்காக சிங்காரவேலர் சிறை போனார். 1946 செப்டம்பர் 5-ஆம் தேதி பொன்மலை சங்கத் திடலில் துப்பாக்கிச் சூடு, ஐந்து தொழிலாளிகள் இறந்தார்கள். 1974 மே 8 முதல் 27 வரை நாடு முழுக்க நடந்த வேலைநிறுத்தம் எட்டு மணி நேர வேலைக்கும் போனஸுக்கும் ஆனது. என்னோடு ஆரம்பத்தில் வேலை பார்த்த பெரியவர்கள் அந்த இருபது நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும். அவர்களில் ஃபிட்டரும் உண்டு, கேங்மேனும் உண்டு, சிக்னல் கலாசியும் உண்டு. இன்ன பிரிவு என்று பிரித்துப் பேசி நான் கேட்டதில்லை.

அந்த மரபின் தொடர்ச்சியாக நம் ரயில்வே, மண்டலம் முழுமைக்குமான பொதுச் சங்கங்களுக்குத்தான் அங்கீகாரம் கொடுக்கிறது. தொழிலாளர்களின் ரகசிய வாக்கெடுப்பில் குறிப்பிட்ட அளவு ஓட்டு வாங்கிய சங்கம் அங்கீகாரம் பெறும். முதல் வாக்கெடுப்பு 2007-இல், அடுத்தது 2013-இல், பிறகு நீண்ட இடைவெளி விட்டு 2024 டிசம்பரில் நடந்தது. தெற்கு ரயில்வேயில் இந்த முறை எஸ்.ஆர்.எம்.யூ., டி.ஆர்.இ.யூ. என்ற இரண்டு சங்கங்கள் தேறின. எஸ்.ஆர்.எம்.யூ. 1924-இல் தொடங்கிய அகில இந்திய ரயில்வேமென் சம்மேளனத்தைச் சேர்ந்தது, டி.ஆர்.இ.யூ. சி.ஐ.டி.யூ. பக்கம். எஸ்.ஆர்.இ.எஸ். என்று, என்.எஃப்.ஐ.ஆர். என்ற இன்னொரு சம்மேளனத்தின் பக்கத்துச் சங்கமும் நெடுநாளாக இருக்கிறது.

அங்கீகாரம் என்பது வெறும் பட்டம் இல்லை. பி.என்.எம். என்று சொல்கிறோமே, நிரந்தரப் பேச்சுவார்த்தை அமைப்பு, அதில் உட்காரும் நாற்காலி அது. டிவிஷன், மண்டலம், அதற்கு மேல் ரயில்வே போர்டு என்று உங்கள் செக்‌ஷனின் குறை படிப்படியாகப் போகும். "இந்த ஸ்டேஷனுக்கு டெக்னீஷியன் இடம் காலி, இருக்கிற ஒருவர் இரண்டு ஸ்டேஷன் பார்க்கிறார்" என்று எழுத்தில் வைத்தால் நிர்வாகம் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். இன்னொன்று, 1968-ஆம் வருஷத்து ஒழுங்கு நடவடிக்கை விதிகள். எஸ்.எஃப். 5 வந்தால் அது பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டு. எழுத்தில் பதில் கொடுக்கப் பத்து நாள். விசாரணையில் உங்களுக்குத் துணையாக இன்னொரு ரயில்வே ஊழியரோ, அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தின் நிர்வாகியோ வாதாட உரிமை உண்டு. வெளி வக்கீலைப் போல அவருக்கு ரிலே என்றால் என்ன என்று ஒன்றிலிருந்து சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

அப்படியானால் சிக்னலுக்கென்று தனியாக எதுவுமே இல்லையா? இருக்கிறது. இந்திய ரயில்வே எஸ் அண்ட் டி மெயின்டெய்னர்ஸ் யூனியன் என்ற கேட்டகரி சங்கம், அதாவது சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவுக்கு மட்டுமான சங்கம், நாடு முழுக்க இயங்குகிறது. அங்கீகாரம் கிடையாது, அதனால் பி.என்.எம்.மில் இடமில்லை. ஆனால் நம் பிரச்சினையை நம் வார்த்தையில் பேசுவது அவர்கள்தான். ராத்திரி ஃபெயிலியருக்குத் தனி கேங் வேண்டும், ஒழுங்கான ரோஸ்டர் (வேலை நேரப் பட்டியல்) வேண்டும், ஆபத்துப் படி வேண்டும் என்று அவர்கள் கேட்பது ஒவ்வொன்றும் நியாயம். பகல் முழுக்க மெயின்டெனன்ஸ் பார்த்தவனையே ராத்திரியும் எழுப்பினால், மூன்றாவது நாள் அவன் எந்த வயரை எங்கே மாட்டுவான்? டிராக்மேன்களுக்கு ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு மாதம் 2,700 ரூபாய் என்று ஆபத்துப் படி வந்தது. அதே தண்டவாளத்தின் மேல் அதே இருட்டில் நிற்கும் சிக்னல்காரனுக்கும் அது வேண்டும் என்பது வெகுநாள் கோரிக்கை. 2024 ஜனவரி 22-ஆம் தேதி இரவு மும்பைப் பக்கம் வசாய் ரோடுக்கும் நாய்காவுக்கும் நடுவே சிக்னல் ஃபெயிலியர் பார்க்கப் போன மூன்று பேர் லோக்கல் ரயில் மோதி இறந்தார்கள். இன்ஸ்பெக்டர், மெயின்டெய்னர், ஹெல்பர், ஒரே டீம். அந்தச் செய்தி வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கேட்டகரி சங்கத்தால் என்ன முடியும் என்று கேட்பவர்களுக்கு நான் 1973-ஐச் சொல்வேன். எஞ்சின் ஓட்டுநர்களின் லோகோ ரன்னிங் ஸ்டாஃப் சங்கம் அந்த ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்து, பத்து மணி நேரத்துக்கு மேல் டூட்டி இல்லை என்ற வாக்குறுதியை வாங்கியது. அங்கீகாரம் இல்லாமல்தான் வாங்கியது. ஆனால் ஓட்டுநர் கையை எடுத்தால் வண்டி அங்கேயே நிற்கும். சிக்னல்காரர் கையை எடுத்தால் வண்டி மெதுவாக ஓடும், அவ்வளவுதான். பைலட் செய்து ஓட்டிவிடுவார்கள். நம் காரைக்குடி, திருவாரூர் பாதையில் அகலப்பாதை வந்த புதிதில் கேட்டுக்கு ஆள் இல்லாமல், கேட் கீப்பர்கள் ரயிலிலேயே ஏறி வந்து, இறங்கி மூடி, வண்டி தாண்டியதும் திறந்து, மறுபடி ஏறிக்கொண்ட காலம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆள் பற்றாக்குறையை ரயில்வே அப்படியும் சமாளிக்கும். ஆகவே எண்ணிக்கையில் சிறிய நம் பிரிவு தனியாக நின்று அழுத்தம் கொடுப்பது கஷ்டம் என்பதே என் கணிப்பு.

எனவே நான் சொல்வது: அங்கீகாரம் பெற்ற சங்கம் ஒன்றில் சேருங்கள், கேட்டகரி சங்கத்தின் கூட்டத்துக்கும் போங்கள். முதலாவது உங்களை விசாரணையில் காப்பாற்றும். இரண்டாவது நீங்கள் எதற்காகப் பேச வேண்டும் என்பதைக் கற்றுக்கொடுக்கும். இரண்டும் ஒன்றையொன்று திட்டிக்கொள்ளும், அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அங்கீகாரம் பெற்ற சங்கங்களில் எனக்கும் குறை உண்டு. சிக்னல் பிரிவுப் பிரச்சினை அஜெண்டாவில் கடைசிக்குத் தள்ளப்படுவதை நானே உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன். அதற்கு மருந்து வெளியே நிற்பது இல்லை, கிளைக் கூட்டத்துக்கு நாலு சிக்னல்காரர்கள் தவறாமல் போவதுதான். நாங்கள் போனோம், ஒரு ஸ்டேஷனுக்கு மழைக்கால டார்ச்சும் கோட்டும் வந்தது. சின்ன விஷயம்தான், ஆனால் அதுவரை சொந்தக் காசில் வாங்கிக்கொண்டிருந்தோம்.

இரண்டு அங்கீகாரச் சங்கங்களில் எது என்று நான் சொல்லமாட்டேன். ரசீதை நீட்டுபவரிடம் நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கடைசியாக எந்த சிக்னல்காரரின் எஸ்.எஃப். 5-க்கு இவர்கள் உட்கார்ந்தார்கள்? கடைசி பி.என்.எம்.மில் சிக்னல் பிரிவு பற்றி எத்தனை விஷயம் வைத்தார்கள், பதிலைக் காட்ட முடியுமா? காட்டுபவரோடு போங்கள். "எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்று மட்டும் சொல்பவரிடம் ரசீதைத் திருப்பிக் கொடுங்கள்.

அதற்கு முன் உங்கள் ரோஸ்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவையுங்கள். உங்கள் வேலை கன்டினியூயஸ், அதாவது தொடர் வேலை, என்று வகைப்படுத்தப்பட்டிருந்தால், 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டப்படி இரண்டு வாரச் சராசரியில் வாரத்துக்கு 54 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வாரம் ஒருமுறை தொடர்ச்சியாக 30 மணி நேரம் ஓய்வு உண்டு. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு விகிதம். ராத்திரி எழுப்பப்படும் ஒவ்வொரு தடவையும் போன் வந்த நேரம், போய்ச் சேர்ந்த நேரம், முடித்த நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஓவர்டைம் கேட்கும்போது அந்த நோட்டு பேசும், நீங்கள் பேச வேண்டியிருக்காது. இரவுப் பணிப் படிக்கு 43,600 ரூபாய் அடிப்படைச் சம்பளம் என்று 2020-இல் உச்சவரம்பு வைத்தார்கள். கிரேடு மூன்றில் 19,900-இல் தொடங்கும் உங்களுக்கு அது இப்போது உறுத்தாது, உங்களோடு ராத்திரி வரும் சீனியருக்கு உறுத்தும். அவருக்காகவும் கூட்டத்தில் கை தூக்குங்கள்.

மெமோவின் நகல் ஒன்று எப்போதும் உங்களிடம் இருக்கட்டும். அந்த 38 நிமிஷ மெமோ இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, மழைத் துளி விழுந்து மை கொஞ்சம் ஊறிப்போய்.

அப்புறம், புரட்டாசி முடிவதற்குள் உங்கள் செக்‌ஷனில் உள்ள எல்லா பாயின்ட் மெஷின் கவரையும், முறைப்படி மெமோ போட்டு, திறந்து கேஸ்கெட்டைப் பாருங்கள். இற்றுப்போனவற்றை எண்ணிப் பட்டியல் எழுதி, உங்கள் மேற்பார்வை இன்ஜினீயரான எஸ்.எஸ்.இ.யிடம் கொடுத்து தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். மழை ஆரம்பிப்பதற்குள் புதுசு வரவில்லையென்றால், அந்தப் பட்டியலின் நகலோடு கிளைக் கூட்டத்துக்குப் போங்கள். நீங்கள் எழுப்பும் முதல் விஷயமாக அதுவே இருக்கட்டும்.